தாய்மாமன் அனுபவம்

ஆறு நாள் வேலை செய்து களைத்தவனைக் கூட்டிப்போய் ஏழாவது நாளும் வேறு வேலை வாங்கினால் அதற்கு ஓய்வு என்று பெயர். இதைக் கண்டுபிடித்த நிறுவனத்தின் பெயர் ‘வேரடி’. கடமலைக்குண்டு தாண்டி வருசநாட்டுக்குப் போகிற வழியில், மூன்று பக்கமும் மலை நிற்க, பதினெட்டு ஏக்கரில் அது இருக்கிறது. வளர்ந்த ஆட்களுக்குச் சனி, ஞாயிறு இரண்டே நாளில் கூடை முடையவும் அம்மியில் அரைக்கவும் களி கிண்டவும் கற்றுத்தருகிறார்கள். சுற்றியிருக்கும் ஊர்களில் இந்த வேலைகளெல்லாம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் யாரும் அங்கே கற்றுக்கொள்ளப் போவதில்லை. கூலிக்குத்தான் போகிறார்கள்.

அல்லிநகரத்தில் ஓர் உரக் கம்பெனியின் குடோனைப் பார்த்துக்கொள்ளும் கருத்தக்கண்ணனுக்கும் போகிற எண்ணம் இல்லை. கம்பெனிதான் அனுப்பியது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை இப்படி இருந்தது: “ஊழியர்களின் மன மலர்ச்சிக்காக இந்த முகாம். கலந்துகொள்வது அவரவர் விருப்பம். விருப்பமில்லாதவர்களின் பெயர்ப் பட்டியல் மேலிடத்துக்கு அனுப்பப்படும்.” படித்த எல்லாருக்கும் உடனே விருப்பம் வந்துவிட்டது.

கருத்தக்கண்ணனுக்கு மட்டும் ஒரு சிக்கல். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குள் அவன் தங்கை பூமாரியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்தவேண்டும். மாமன் இல்லாத காதுகுத்து இந்தப் பக்கம் நடந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அண்ணனும் தங்கையும் பேச்சை விட்டு ஐந்து வருஷமாகியிருந்தது. கருத்தக்கண்ணன் வீடு கட்டிக் குடிபோனபோது அடித்த பத்திரிகையில், பூமாரியின் புருஷன் சின்னச்சாமியின் பெயர் விட்டுப்போயிற்று. மேனேஜர் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. வீட்டு மாப்பிள்ளை பெயர் ஓரிடத்திலும் இல்லை. அச்சாபீஸ்காரன் செய்த தப்பு என்று இவன் சத்தியம் செய்தான். உண்மையில் எழுதிக்கொடுக்க மறந்தது இவன்தான். முதல் நாளே ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடிந்திருக்கும். இவனுக்கு வாய் வரவில்லை.

ஐந்து வருஷம் கழித்துப் பூமாரி தானாக வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினாள்.

“அவுக வேணாம்னுதான் சொன்னாக. நாந்தான் மனசு கேக்காம வந்தேன். நீ வந்து மடி குடுத்தேன்னா எல்லாத்தையும் மறந்துர்றேன். வரலேன்னு வையி, எனக்கு அண்ணன்னு ஒருத்தன் பொறக்கவே இல்லேன்னு நெனச்சுக்கிருவேன்.”

கருத்தக்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டு, உயிரே போனாலும் வருவேன் என்றான்.

மேனேஜரிடம் போய் முகாமிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்டான். அவர் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். “முகாம் ஞாயித்துக்கெழம காலையில எட்டு மணிக்கு முடிஞ்சிரும்யா. சோணைச்சாமி கோயிலு அங்கனருந்து ரெண்டு கிலோமீட்டரு. அல்லிநகரத்துலருந்து போறதுக்கு இது பக்கம்ல?” கணக்குச் சரியாகத்தான் இருந்தது. சீர்த்தட்டுகளோடு நேராகக் கோயிலுக்கு வந்துவிடும்படி மனைவி ஹேமாவதியிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்தான்.

வேரடியில் முதலில் நடப்பது ‘கைவிடல்’. அதை நடத்தியவள் போடி ஊரைச் சேர்ந்த சிம்ரன் என்ற பெண். அவள் பதவிக்கு ‘வழித்துணை’ என்று பெயர்.

“இங்கே நாம் எல்லாவற்றையும் கைவிடுகிறோம். செல்போன், வண்டிச் சாவி, செருப்பு, கடிகாரம். எல்லாம் இந்தப் பானைக்குள் உறங்கும். பயணத்தின் முடிவில் பானையை உடைக்கும்போது, நீங்கள் உங்களையே திரும்பப் பெறுவீர்கள்,” என்றாள் சிம்ரன். அதைத் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டும் இருந்தாள். இருபது பேரின் சாமான்களையும் ஆளுயரப் பானையில் போட்டு, வாயைச் சேற்று மண்ணால் பூசி அடைத்தார்கள். பிறகு ஆளுக்கொரு கோடிவேட்டியும் முண்டாசும் கொடுத்தார்கள். கருத்தக்கண்ணன் வீட்டிலிருந்து வேட்டி கட்டித்தான் வந்திருந்தான். அதை அவிழ்த்துவிட்டு இதைக் கட்டச் சொன்னார்கள்.

அடுத்து நிறுவனர் வைகுண்டராஜ் பேசினார். வெளிநாட்டில் பன்னிரண்டு வருஷம் ஏசி விற்றவர். தாடி வைத்திருந்தார்.

“நண்பர்களே, நான் எப்படி இந்த மண்ணுக்கு வந்தேன் தெரியுமா? ஒருநாள் விமான நிலையத்தில் ஓர் அம்மியின் படத்தைப் பார்த்தேன். அழுதுவிட்டேன். அடுத்த மாதமே இந்த நிலத்தை வாங்கினேன். இங்கே முன்பு எட்டுக் குடும்பங்கள் பருத்தி போட்டுக்கொண்டிருந்தன. பாவம், அவர்களுக்கு மண்ணின் அருமை தெரியவில்லை. மழையில்லாத வருஷம் பார்த்துக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். இன்று அவர்களே இங்கே புல் பிடுங்க வருகிறார்கள். மண் யாரையும் கைவிடுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?”

எல்லாரும் கை தட்டினார்கள். ஓரத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள்.

முதல் வகுப்பு கூடை முடைதல். கருத்தக்கண்ணன் பத்தொன்பது வருஷமாக மூட்டை தைத்தவன். பிடித்த பிடி விடாமல், முக்கால் மணி நேரத்தில் கூடையை முடித்து வைத்துவிட்டான். தூக்கிப் பார்த்த சிம்ரனின் முகம் மாறியது. ஓடிப்போய் வைகுண்டராஜைக் கூட்டி வந்தாள். அவர் கூடையை நோயாளியைத் தொடுவது மாதிரித் தொட்டார்.

“இதில் ஒரு பதற்றம் இருக்கிறது. ஒரு வாழ்க்கைக்குள் முடிக்க வேண்டியதை முக்கால் மணி நேரத்தில் முடித்திருக்கிறீர்கள். பிரித்துவிடுங்கள். மறுபடி முடையுங்கள். இந்த முறை மூங்கில் உங்களை முடையட்டும்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கார்த்திக்ராஜ். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல பருமன். காலையிலிருந்து பதினோரு மூங்கில் பத்தையை ஒடித்திருந்தார். அவரைக் காட்டி, “பாருங்கள், இவர் மூங்கிலோடு பேசுகிறார்,” என்றார் வைகுண்டராஜ். கார்த்திக்ராஜ் கூச்சப்பட்டார்.

முகாமின் முக்கியமான விதியை அப்போதுதான் சொன்னார்கள். குழு ஓருயிர். இருபது பேரும் கூடையை முடித்தால்தான் பானை உடையும். ஒருவர் பாக்கியிருந்தாலும் யாரும் முடித்ததாகாது.

“ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கு முடிஞ்சிரும்னு சொன்னாகளே?” என்று கேட்டான் கருத்தக்கண்ணன்.

“எட்டு என்பது ஒரு மனநிலை,” என்றாள் சிம்ரன்.

கருத்தக்கண்ணன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். கார்த்திக்ராஜ் பன்னிரண்டாவது பத்தையை ஒடித்தார்.

மத்தியானம் அம்மியில் அரைக்கவிட்டார்கள். களி கிண்டும்போது, விடாமல் கிண்டாவிட்டால் கட்டி தட்டிவிடும் என்று சொல்லப்போய், கட்டிதான் தானியத்தின் தனித்தன்மை என்று பாடம் கேட்டுக்கொண்டான். பிறகு, யாரிடமாவது செல்போன் கிடைக்காதா என்று தேடிக்கொண்டு மெல்ல நழுவிக் கொட்டகைக்குப் பின்பக்கம் போனான். அங்கே ஒரு முழு அடுப்படி இருந்தது. மூன்று கேஸ் அடுப்பு. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சோணையம்மாள் என்ற சமையல்காரம்மா மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நாங்க அம்மியில அரச்சது?”

“அதத் தின்னு ஒருத்தருக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா யாரு பதில் சொல்றது? அங்கிட்டு மாட்டுக்கு வச்சேன். அது மோந்து பாத்துட்டுப் போயிருச்சு.”

கருத்தக்கண்ணன் நிலைமையைச் சொன்னான். காதுகுத்து என்றதும் சோணையம்மாள் மிக்சியை நிறுத்தினார். மடியிலிருந்து செல்போனை எடுத்துக் கொடுத்தார். “பேசுய்யா. மாமன் இல்லாம என்னய்யா காதுகுத்து?”

வாங்கிய கருத்தக்கண்ணன் அப்படியே நின்றான். மனைவியின் எண் தெரியவில்லை. தங்கையின் எண் தெரியவில்லை. மேனேஜரின் எண் தெரியவில்லை. எல்லாம் செல்போனில் இருந்தன. செல்போன் பானையில் இருந்தது. பத்து இலக்கமும் மனப்பாடமாக அவனுக்குத் தெரிந்த ஒரே எண் அவனுடையதுதான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அதற்கே அடித்தான். முன்பக்கத்திலிருந்து மெல்லிசாக மணியோசை கேட்டது. எட்டிப் பார்த்தான். சிம்ரன் பங்கேற்பாளர்களைப் பானையைச் சுற்றி உட்கார வைத்திருந்தாள்.

“கேளுங்கள்,” என்றாள். “நாம் கைவிட்ட உலகம் நம்மை அழைக்கிறது. யாரும் எடுக்காதீர்கள்.”

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஓர் அம்மா அழுதே விட்டார்.

சாயங்காலம் வாசலுக்குப் போனான். சங்கிலி என்ற காவல்காரர் முக்காலியில் உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். கருத்தக்கண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“அண்ணே, வண்டிகூட வேணாம். நடந்தே போயிர்றேன். காலையில போயி மடியக் குடுத்துட்டு ஓடியாந்துர்றேன்.”

“உள்ள வர்றதுக்குத்தான்பா நான் பொறுப்பு. வெளிய போறதுக்கு ஆபீசுல சீட்டு வேணும்.”

“சீட்டு யாரு குடுப்பாக?”

“பானை ஒடஞ்சாத்தான் குடுப்பாக.”

கருத்தக்கண்ணன் வேலியைப் பார்த்தான். சங்கிலி அவன் பார்வையைப் பார்த்தார்.

“அந்த நெனப்பே வேணாம். கரண்டு ஓடுது. யானைக்குன்னு போட்டது. இந்நாள் வரைக்கும் ஒரு யானையும் வரல. போன மாசம் ரெண்டு பேங்க் மேனேஜருதான் மாட்டுனாக. பாவம், நல்ல மனுசங்க.”

அன்று அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் விடிந்தபோது இரண்டு கூடைகள் பாக்கி. ஒன்று கார்த்திக்ராஜுடையது. மற்றொன்று, மூன்று முறை பிரிக்கச் சொன்ன கருத்தக்கண்ணனுடையது. எட்டு மணி என்ற மனநிலை வந்து, போயும் விட்டது. தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. சோணைச்சாமி கோயில் பக்கமிருந்துதான். அவனால் உட்கார முடியவில்லை. நேராக வைகுண்டராஜின் குடிசைக்குப் போனான். உள்ளே ஏசி ஓடியது.

“சார், எந் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நாந்தான் தாய்மாமன். அரை மணி நேரம் விடுங்க சார், ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்.”

வைகுண்டராஜ் அவனைப் பரிவோடு பார்த்தார். “எனக்குப் புரிகிறது. இரண்டாம் நாள் எல்லாருக்கும் இப்படித்தான் வரும். வீடு, தங்கை, குழந்தை என்று மனம் ஓடும். நீங்கள் இங்கே வந்தது எதற்கு? நம் பாரம்பரியத்தைத் தெரிந்துகொள்ள. நடுவில் எழுந்து காதுகுத்துக்குப் போய்விட்டால் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?”

இவ்வளவு தப்பான ஒரு விஷயத்தை இவ்வளவு நிதானமாகச் சொன்னால் அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

“இன்று உங்களுக்கு ஓர் இன்ப அதிர்ச்சி இருக்கிறது,” என்றார் வைகுண்டராஜ். “எல்லாரும் வெளியே போகிறோம். ஆனால் மௌனத்தில்.”

ஆளுக்கொரு மர அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். ‘மௌனத்தில் இருக்கிறேன். பேசவேண்டாம்’ என்று அதில் எழுதியிருந்தது. எல்லாரையும் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினார்கள். கேட் திறந்தது. டிராக்டர் ஆற்றோரமாகப் போய்த் தென்னந்தோப்புக்குள் திரும்பியபோது, கொட்டுச் சத்தம் கிட்டே வந்தது. சிம்ரன் எழுந்து நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “இப்போது நாம் காணப்போவது, கிராமத்து மக்களின் உண்மையான ஒரு காதுகுத்துச் சடங்கு. கயிற்றைத் தாண்டக் கூடாது. மக்களோடு பேசக் கூடாது. அவர்களை மாற்றிவிடக் கூடாது.”

பந்தல் வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. அதில் பூமாரியும் சின்னச்சாமியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். கோயிலுக்குப் பந்தலும் நாற்காலியும் வேரடி இலவசமாகக் கொடுத்திருந்தது. பதிலுக்கு, இருபது பேர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொள்வார்கள். சும்மா கிடைக்கிற பந்தல்தானே என்று சின்னச்சாமியும் தலையாட்டியிருந்தான். அதற்கு மேல் ஒன்று நடந்திருந்தது. தனிக் கட்டணம் கட்டிய ஒரே பங்கேற்பாளர் என்ற முறையில், கார்த்திக்ராஜை முதலிலேயே காரில் கூட்டி வந்து மாமன் உட்காரும் மனைப்பலகையில் உட்கார வைத்திருந்தார்கள். டிரெய்லரில் பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள் என்பதையே கருத்தக்கண்ணன் அப்போதுதான் கவனித்தான். அவர் எடுத்திருந்த தனித் திட்டத்தின் பெயர் ‘தாய்மாமன் அனுபவம்’.

“மாமன் வரலேன்னா வந்த மாமன் ஒக்காரட்டும்யா!” என்று சின்னச்சாமி கத்திக்கொண்டிருந்தான். ஐந்து வருஷக் கோபம் அவன் குரலில் இருந்தது. “அவருக்கு எம் பேரே ஞாவகம் வராது. எம் மகளா ஞாவகம் வரப்போகுது?”

“வந்துருவாக, வந்துருவாகன்னு சொல்றேன்ல. போனுதான் எடுக்க மாட்டேங்கிறாக,” என்று சீர்த்தட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு ஹேமாவதி அழுதாள். பூமாரி அழவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருத்தக்கண்ணன் கயிற்றைத் தூக்கினான். சிம்ரன் அவன் கையைப் பிடித்தாள். “மௌனம்! மௌனம்!”

“நாந்தாம்மா மாமன்! ஏலே, விடுங்கடா! நாந்தான் மாமன்!”

வைகுண்டராஜ் மைக்கை வாங்கினார். “ஊர் மக்கள் பயப்பட வேண்டாம். எங்கள் பங்கேற்பாளர் ஒருவர் அனுபவத்துக்குள் முழுசாக இறங்கிவிட்டார். போன முகாமில் ஒருவர் தன்னைப் பானை என்றே நம்பினார். சாப்பிட்டதும் சரியாகிவிடும்.”

பூமாரி திரும்பினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், முண்டாசும் கழுத்தில் அட்டையுமாக, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் தன் அண்ணன் நிற்பதைப் பார்த்தாள்.

“வேடிக்க பாக்கவாண்ணே வந்த?”

கொட்டு நின்றுவிட்டது. கருத்தக்கண்ணன் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினான். பானை, வேலி, சீட்டு, கூடை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவன் வெறுங்காலில் ரத்தம் வந்திருந்ததைப் பூமாரி பார்த்தாள். குழந்தையைத் தூக்கி அவனிடம் நீட்டினாள்.

குழந்தைக்கு மூன்று வயது. பேர் தன்ஷிகா. பிறந்ததிலிருந்து ஒருதரம்கூடத் தன் மாமனைப் பார்த்ததில்லை. ஒரு கத்துக் கத்திக்கொண்டு, சாக்லேட் கொடுத்த கார்த்திக்ராஜின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் இறுக்கிக்கொண்டது.

அந்தக் கத்தல் கருத்தக்கண்ணனை வெட்டிப் போட்டது. வேலியைத் தாண்டி வந்துவிடலாம், ஐந்து வருஷத்தை எப்படித் தாண்டுவது?

“சார், எனக்கு ஒண்ணும் தெரியாது சார். படத்துக்குப் போஸ் குடுக்கணும்னுதான் சொன்னாங்க. நான் எழுந்துடட்டுமா?” என்று கார்த்திக்ராஜ் கெஞ்சினார். அவர் அசைந்தாலே குழந்தை அலறியது.

காது குத்த வந்திருந்த ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார். “மணி பத்து இருவது. எனக்கு வீரபாண்டியில இன்னொரு காது கெடக்கு. நான் சொல்றதக் கேளுங்க. மாமன் மடியில வச்சுக் குத்தணும்கிறதுதான் மொற. மடிக்கும் பிள்ளைக்கும் நடுவுல யாரும் இருக்கக் கூடாதுன்னு ஒரு மொறையும் இல்ல. மாமன் கீழ ஒக்காரட்டும். இந்தத் தம்பி மாமன் மடியில ஒக்காரட்டும். பிள்ள தம்பி மடியில இருக்கட்டும்.”

ஊர்ப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

கருத்தக்கண்ணன் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவன் எடை ஐம்பத்தாறு கிலோ. கார்த்திக்ராஜ் தொண்ணூற்றிரண்டு. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். கருத்தக்கண்ணனுக்கு மூச்சு பாதிதான் வந்தது. குழந்தையின் காது எங்கே இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு நேராக ஒரு முதுகு இருந்தது. பக்கத்தில் சின்னச்சாமியின் கால் இருந்தது. எழுந்து ஓடவும் வழியில்லை, முகத்தை மறைக்கவும் வழியில்லை.

“மாப்ள,” என்றான் முதுகுக்குப் பின்னாலிருந்து. “பத்திரிக்கையில பேரு விட்டது அச்சாபீஸ்காரன் இல்ல. நாந்தான் மறந்துட்டேன். தப்பு எம் மேலதான்.”

சின்னச்சாமி குனிந்து பார்த்தான். “தெரியும் மச்சான். அச்சாபீஸ்காரரு எங்க சித்தப்பா மகன். அன்னைக்கே நீங்க எழுதிக் குடுத்த தாளக் கொண்டாந்து காட்டிட்டாரு.”

“பெறகு ஏன் மாப்ள கேக்கல?”

“நீங்க சொல்லட்டும்னுதான் இருந்தேன்.”

குழந்தை வீரிட்டது. ஒரு காது. மறுபடி வீரிட்டது. இரண்டு காது. கொட்டு முழங்கியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மௌனமாகக் கை தட்டினார்கள். வைகுண்டராஜ் மைக்கில், “இவ்வளவு ஆழமான தாய்மாமன் அனுபவத்தை வேரடி இதுவரை யாருக்கும் தந்ததில்லை. அடுத்த முகாமிலிருந்து இது இரட்டை மடித் திட்டமாக வழங்கப்படும்,” என்று அறிவித்தார்.

கார்த்திக்ராஜைத் தூக்கிவிட இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது. கருத்தக்கண்ணன் எழவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இருப்பதாகவே தெரியவில்லை. பூமாரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து உருவிவிட்டாள்.

“ரொம்ப மரத்துப்போச்சாண்ணே?”

அவன் தலையை ஆட்டினான்.

டிராக்டர் ஹாரன் அடித்தது. சிம்ரன் ஓடி வந்தாள். “எல்லாரும் ஏறியாச்சு. நீங்க மட்டும்தான் பாக்கி. கூடை முடிக்கணும். குழு ஓருயிர்.”

பூமாரி நிமிர்ந்து பார்த்தாள். “ஏ ஆத்தா, அங்கன தள்ளி நில்லு. எங்கண்ணன் கால் மரத்துப்போயி ஒக்காந்திருக்காக. அவுக எந்திரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கிட்ட வரக் கூடாது.”

ஹாரன் மறுபடி அடித்தது. சமையல் பந்தலில் கறிக்குழம்பு கொதித்தது. அழுது ஓய்ந்த தன்ஷிகா, தூரத்தில் நின்றபடி இந்தப் புது ஆளை முறைத்துப் பார்த்தது. அப்புறம் ஓரடி கிட்டே வந்தது. கருத்தக்கண்ணனுக்குக் கால் சரியாகி வெகுநேரமாகிவிட்டது. அவன் எழுந்திருக்கவில்லை.